ஹஜ்ஜில் அறுக்கும் ஆட்டைப் பணமாகக் கொடுக்கலாமா, யாழ்ப்பாணத்தில் அறுக்கலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. வாப்பா இந்த முறை ஹஜ்ஜுக்குப் போகிறார். பயணக் கட்டணத்துக்கு மேலாக முகவர் 'குர்பான் காசு' என்று தனியாகக் கேட்கிறார். அந்தக் காசை யாழ்ப்பாணத்தில் பொம்மைவெளிப் பக்கம் மீளக்குடியேறி இன்னும் சரியான வீடில்லாமல் இருக்கும் குடும்பங்களுக்குக் கொடுத்தால் ஆகாதா, அதுவும் கூடாதென்றால் ஆட்டையாவது இங்கே அறுத்துப் பங்கிட முடியாதா என்று கேட்கிறீர்கள். வேலைத்தளத்து நண்பி ஒருவர் கவுணாவத்தைக் கோயிலில் ஆடு வெட்டும் வேள்வியைச் சுட்டி, 'உங்கட உலமாக்களும் இப்ப இதுக்கு எதிராத்தானே பேசுகினம்' என்று சொன்னதும் உங்களை யோசிக்க வைத்திருக்கிறது. இதற்குள் மூன்று கேள்விகள் உண்டு. அறுப்பது கடமையா, உணவளிப்பது கடமையா? அது மக்காவில்தான் நடக்க வேண்டுமா? இந்தக் காலத்து அறிஞர்கள் உண்மையில் எதில் வேறுபடுகிறார்கள்? ஷாபிஈ பிக்ஹை (இமாம் ஷாபிஈயின் வழிவந்த மார்க்கச் சட்டத்தை)ப் பாடமாக ஓதி, ஹஜ் வகுப்புகளில் கற்பித்து வருகிறவன் என்ற அளவில் சொல்கிறேன். முடிவான விஷயம் எது, இன்னும் வாதத்தில் இருக்கும் விஷயம் எது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'குர்பான்' என்ற ஒரே சொல்தான். பிக்ஹில் அவை வேறு வேறு. ஹஜ்ஜுப் பெருநாளில் யாழ்ப்பாணத்திலோ புத்தளத்திலோ வீட்டுக்காரர் அறுப்பது உழ்ஹிய்யா. ஹஜ் செய்பவர் ஹஜ்ஜின் வகை காரணமாக ஹரம் எல்லைக்குள், அதாவது மக்காவைச் சூழ்ந்த புனித எல்லைக்குள், அறுப்பது ஹத்யு. இஹ்ராமில் (ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத் வைத்துப் புகும் கட்டுப்பாட்டு நிலையில்) தவறு நடந்ததற்கோ கடமை ஒன்று விடுபட்டதற்கோ ஈடாகக் கொடுப்பது பித்யா, அல்லது தம். மூன்றுக்கும் இடம், காலம், இறைச்சி யாருக்கு என்ற சட்டங்கள் தனித்தனி. உழ்ஹிய்யாவின் சட்டத்தை ஹத்யுவுக்குப் போட்டுப் பார்ப்பதால் வரும் பிழை ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உழ்ஹிய்யாவில் ஓர் ஆடு ஒரு குடும்பத்துக்கே போதும். ஹத்யு அப்படி இல்லை. கணவனும் மனைவியும் தமத்துஃ என்ற வகை ஹஜ் (அடுத்து விளக்குகிறேன்) செய்தால் இரண்டு பேருக்கும் ஒவ்வோர் ஆடு வேண்டும்; மாடு அல்லது ஒட்டகமென்றால் ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு. உம்மாவும் கூடப் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

வாப்பா மீது ஹத்யு கடமையாகுமா என்பதே அவர் எந்த வகை ஹஜ் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. ஹஜ் மாதங்களில் உம்ராவை முடித்து, இஹ்ராமைக் களைந்து, அதே வருடம் மக்காவிலிருந்தே ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டினால் அது தமத்துஃ. இலங்கையிலிருந்து போகும் குழுக்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். உம்ராவையும் ஹஜ்ஜையும் ஒரே இஹ்ராமில் செய்வது கிரான். இந்த இரண்டுக்கும் ஹத்யு உண்டு. ஹஜ்ஜுக்கு மட்டும் இஹ்ராம் கட்டும் இப்ராதுக்கு ஹத்யு கடமையே இல்லை. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன், உங்கள் கேள்விக்கான வாசல் அங்கேதான் இருக்கிறது.

இனிப் பணம். ஹத்யு கடமையானவர் ஆட்டின் பெறுமதியைத் தர்மம் செய்தால் கடமை நீங்காது. ஹனபி, மாலிகி, ஷாபிஈ, ஹன்பலி என்ற நான்கு மத்ஹபுகளும் (சட்டவழிகளும்) இதில் ஒரே நிலைப்பாட்டில் இருக்கின்றன. காரணம் குர்ஆனில் அல்பகராவின் 196ஆம் வசனத்திலேயே இருக்கிறது: தமத்துஃ செய்பவர் தமக்கு இயன்ற ஹத்யுவைக் கொடுக்க வேண்டும், அது கிடைக்காதவர் ஹஜ்ஜில் மூன்று நாட்களும் திரும்பியபின் ஏழு நாட்களுமாகப் பத்து நோன்பு நோற்க வேண்டும். ஆடு கிடைக்காவிட்டால் அதன் விலையைக் கொடு என்று வசனம் சொல்லவில்லை, நோன்புக்குப் போ என்கிறது. அதனால்தான் கையில் பணம் இருந்தும் அறுக்கப் பிராணி கிடைக்காதவர் நோன்பு நோற்க வேண்டும் என்று பழைய நூல்கள் எழுதின. அதே வசனம் சில வரிகளுக்கு முன்னால், நோயினால் தலை சிரைத்தவருக்கு நோன்பு, தர்மம், அறுப்பு என்று மூன்றையும் முன்வைத்து விரும்பியதைத் தெரிவு செய்ய விடுகிறது. தர்மத்தை மாற்றாக வைக்க நாடிய இடத்தில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது என்பதுதான் பிக்ஹ் அறிஞர்களின் வாதத்துக்கு முதுகெலும்பு. இன்னொன்றும் உண்டு. ஸகாத்திலும் பித்ராவிலும் பொருளுக்குப் பதில் விலையைக் கொடுக்கலாம் என்று தாராளமாக அனுமதித்தவர்கள் ஹனபிகள். அவர்களே ஹத்யுவில் அதை அனுமதிக்கவில்லை. இங்கே வணக்கம் அறுப்பதோடு சேர்ந்தது, விலை அந்த இடத்தை நிரப்பாது என்றார்கள். பெறுமதியை ஏற்கும் மத்ஹபே ஏற்காத இடத்தில், 'காலம் மாறிவிட்டது' என்பது மட்டும் ஆதாரமாகாது.

எதிர்த்தரப்பில் வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது அல்ஹஜ் அத்தியாயத்தின் 37ஆம் வசனம்: அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்களிடமிருந்து தக்வாவே (இறையச்சமே) அவனை அடைகிறது. இதை வைத்து அறுப்பே தேவையில்லை என்று சொல்வதற்கு முன் அதன் முந்திய வசனத்தை வாசிக்க வேண்டும். 36ஆம் வசனம் அறுக்கச் சொல்லி, உண்ணச் சொல்லி, கேட்காமல் இருப்பவருக்கும் கேட்டு வருபவருக்கும் உண்ணக் கொடுக்கச் சொல்கிறது. அறியாமைக் காலத்தவர் பலியின் இரத்தத்தைக் கஃபாவில் பூசி வந்ததை மறுத்தே 37ஆம் வசனம் இறங்கியது என்று தப்ஸீர்கள் (குர்ஆன் விரிவுரைகள்) கூறுகின்றன. உங்கள் நண்பிக்குச் சொல்ல வேண்டியதும் இதுவே. யாழ்ப்பாணத்தில் கோயில் வேள்வியைப் பற்றிய வாதம் பழையது. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கண்டித்தார், 2017இல் அது யாழ் மேல் நீதிமன்றம் வரை போனது. அது சைவ மக்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் விஷயம். நம்மிடம் இருக்கும் வாதத்தின் கேள்வி வேறு. இரத்தத்தைப் படைப்பது என்ற எண்ணமே நம்மிடம் இல்லாததால், வாதம் எப்போதும் 'இறைச்சி எங்கே போகிறது' என்பதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

அந்த வாதம் இந்தக் காலத்தில் சூடுபிடித்ததற்கு நியாயமான காரணம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகவும் கப்பலிலும் வந்த காலத்தில், மக்காவை ஒட்டிய மினாவில் அறுத்ததை அங்கிருந்தவர்களே உண்டு, மீதியை வெயிலில் உலர்த்திக் கொண்டுபோனார்கள். விமானப் பயணம் பெருகி ஹாஜிகளின் தொகை பல இலட்சமானதும், மூன்று நான்கு நாட்களுக்குள் ஒரே பள்ளத்தாக்கில் இலட்சக்கணக்கான பிராணிகளை அறுக்க வேண்டி வந்தது. குளிரூட்டும் வசதி போதவில்லை. உரிக்கவும் ஆளில்லாமல் கிடந்த உடல்களை இயந்திரத்தால் குழிதோண்டிப் புதைத்தார்கள். பொருளை வீணாக்குவதை மார்க்கம் தடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இப்படிப் புதைப்பதற்கா ஆடு அறுக்கச் சொன்னது என்று அப்போது எழுந்த கேள்வி மார்க்கப் பற்றுள்ளவர்களின் கேள்விதான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலான அறிஞர்கள் அதற்குக் கண்ட பதில், நிர்வாகத்தின் குறைக்கு வணக்கத்தை மாற்றுவது தீர்வாகாது, நிர்வாகத்தைத்தான் திருத்த வேண்டும் என்பது. அதன் பலனாகவே 1983இல் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியின் பொறுப்பில் ஹத்யு இறைச்சியைப் பயன்படுத்தும் சவூதித் திட்டம் தொடங்கியது. இன்று அது 'அழாஹி' என்ற பெயரில் நடக்கிறது. மினாவை ஒட்டிய முஅய்ஸிம் பகுதியின் பெரிய அறுப்புக்கூடங்களில் மிருக வைத்தியர்கள் பிராணிகளைப் பரிசோதித்து, அறுத்து, குளிரூட்டி, ஹரமின் ஏழைகளுக்குக் கொடுத்தபின் மீதியை உறையவைத்து வேறு நாடுகளின் ஏழைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே 'எல்லாம் மண்ணுக்குள் போகிறது' என்று நீங்கள் கேள்விப்பட்டது நாற்பது வருடத்துக்கு முந்திய நிலை.

அடுத்தது இடம். இங்கே அறுக்கலாமா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. உலகிலேயே அதிக ஹாஜிகளை அனுப்பும் இந்தோனேசியாவில், அவர்களும் நம்மைப் போல் ஷாபிஈக்கள்தான், இது பெரிய விவாதம். அங்குள்ள உலமா சபை 2011இல் தமத்துஃவின் தம் ஹரமுக்கு வெளியே அறுக்கப்பட்டால் செல்லாது என்று பத்வா வழங்கியது. அதே நாட்டில் அதற்கு மாற்றுக் கருத்துள்ள அறிஞர்களும் இருக்கிறார்கள். ஏழைக்கு உணவளிப்பதே நோக்கம், தாய்நாட்டில் ஏழை அதிகம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், ஆதாரத்தின் எடை மறுபக்கத்தில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அல்மாயிதாவின் 95ஆம் வசனம் 'கஃபாவைச் சென்றடையும் ஹத்யு' என்கிறது. அல்ஹஜ்ஜின் 33ஆம் வசனம் அந்தப் பிராணிகள் சேருமிடம் பழைமையான அந்த வீடு என்கிறது. 'நான் இங்கே அறுத்தேன், மினா முழுவதும் அறுக்கும் இடம்' என்று நபியவர்கள் சொன்னது இடத்தை விரித்தது, ஆனால் ஹரமைத் தாண்டி விரிக்கவில்லை. வழியில் தடுக்கப்பட்டவர் தடுக்கப்பட்ட இடத்திலேயே அறுக்கலாம் என்பது, நபியவர்கள் மக்காவுக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்ட ஹுதைபிய்யாச் சம்பவத்திலிருந்து ஷாபிஈ மத்ஹப் எடுத்த விலக்கு. சுகமாக மக்கா போய்ச் சேருகிற வாப்பாவுக்கு அது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் அறுத்தால் அது நல்ல தர்மம், ஹத்யு ஆகாது. கடமை அவர் கழுத்தில் அப்படியே இருக்கும்.

அறுக்கும் இடம் ஒன்று, இறைச்சி போகும் இடம் இன்னொன்று. இரண்டாவதில்தான் உண்மையான நெகிழ்வு கிடைக்கிறது. ஷாபிஈ மத்ஹபின் மூலச் சட்டம் கடினமானது. ஹரமுக்குள் அறுக்க வேண்டும், இறைச்சியையும் ஹரமின் ஏழைகளுக்கே, குறைந்தது மூன்று பேருக்கு, கொடுக்க வேண்டும். ஹனபிகளிடம் அறுப்பு ஹரமில் நடந்தால் போதும், இறைச்சி எந்த ஊர் ஏழைக்கும் போகலாம். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை ஹி. 1400இல், அதாவது 1980இல், இந்த விஷயத்தைப் பிரித்து முடிவெடுத்தது: தமத்துஃ, கிரான் ஹத்யுக்களின் இறைச்சியை ஹரமுக்கு வெளியே கொண்டுபோகலாம், ஹரமில் அறுத்தாக வேண்டிய குற்ற ஈடுகளின் இறைச்சி ஹரமின் ஏழைகளுக்கே உரியது. நாடுகடந்து போகும் உறைந்த இறைச்சியின் மார்க்க அடிப்படை இதுதான். பேணுதலான ஷாபிஈ ஒருவருக்கு இது முழுத் திருப்தி தராமல் இருக்கலாம். இவ்வளவு இறைச்சியை ஹரமின் ஏழைகளால் உண்டு தீர்க்க முடியாது என்ற நிலையில், இந்த ஒரு விஷயத்தில் மற்ற மத்ஹபைப் பின்பற்றுவதில் தவறில்லை என்றே நம் ஆலிம்கள் பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் அப்படியே சொல்வேன்.

காலத்தைப் பொறுத்தவரை ஷாபிஈ மத்ஹப் மற்றவற்றை விட இலேசானது. உம்ராவை முடித்தபின், ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டுமுன்னரே தமத்துஃவின் தம்மை அறுத்துவிடலாம் என்பது வலுவான கருத்து. நஹ்ருடைய நாளில் (துல்ஹஜ் 10இல்) அறுப்பது சிறந்தது. மற்ற மூன்று மத்ஹபுகளிலும் துல்ஹஜ் 10க்கு முன் அறுத்தால் செல்லாது. சவூதி உலமாக்கள் சபையும் முற்படுத்துவதை அனுமதிக்கவில்லை. நெரிசலைக் குறைக்க ஷாபிஈ கருத்தைப் பொதுவாக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. நடைமுறையில் இது எங்கே இடறும் என்றால், குழுவில் யாரோ ஒருவர் மக்காவின் ஒரு பட்டியில் துல்ஹஜ் 3, 4ஆம் நாளிலேயே 'முடித்துவிட்டோம்' என்று சொல்லி எல்லோரிடமும் பணம் வாங்குவார். வாப்பா ஷாபிஈ என்றால் அது நிறைவேறும். அதே அறையில் இருக்கும் ஹனபிக்காரருக்கு நிறைவேறாது. யார் எந்த மத்ஹப் என்று கேட்காமல் ஒரே கணக்கில் அறுப்பது பிழை.

உண்பதிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு, நம் ஆட்களில் அநேகருக்கு இது தெரியாது. ஹனபி, ஹன்பலி மத்ஹபுகளில் தமத்துஃவின் ஹத்யு நன்றிக்கான அறுப்பு, ஹாஜியும் உண்ணலாம். ஷாபிஈ மத்ஹபில் அது ஒரு குறையை ஈடுசெய்யும் தம், அறுத்தவர் அதிலிருந்து உண்ணக் கூடாது. இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் நூறு ஒட்டகங்களில் 63ஐத் தம் கையால் அறுத்து, மீதியை அலீ ரழியிடம் ஒப்படைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்துச் சமைக்கச் செய்து இறைச்சியை உண்டு சாறையும் குடித்தார்கள் என்பது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் ஜாபிர் ரழியின் அறிவிப்பு. அது சுயவிருப்பமான ஹத்யு, கடமையான தம் அல்ல என்று ஷாபிஈக்கள் விளக்குகிறார்கள். மற்றவர்கள் அதையே ஆதாரமாக எடுக்கிறார்கள். ஆகவே 'நம் குர்பான் இறைச்சி' என்று கறி அறைக்கு வந்தால், அது எதன் இறைச்சி என்று வாப்பா கேட்டுக்கொள்வது நல்லது.

இனிப் பணம் கட்டும் விஷயம். பிறரை வக்கீலாக்கி, அதாவது நம் சார்பில் பொறுப்பாளாக்கி, அறுப்பது செல்லும். அலீ ரழி மீதியை அறுத்ததே அதற்கு ஆதாரம். அந்தச் சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. தோலையும் சேணத்தையும் கூடத் தர்மம் செய்யும்படியும், அறுப்பவரின் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்க வேண்டாமென்றும் அவருக்குக் கட்டளை இருந்தது. 'தோலை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அதனால் விலை குறைவு' என்று ஒருவர் சொன்னால் அங்கே சட்டப் பிழை இருக்கிறது. அழாஹித் திட்டத்துக்கு வெளியே யாரிடமும் கூப்பன் (அறுப்புக்குப் பணம் கட்டி வாங்கும் சீட்டு) வாங்க வேண்டாமென்று சவூதி அதிகாரிகள் எச்சரித்து வருகிறார்கள், அதற்குக் காரணம் போலிக் கூப்பன்கள். முகவர் மூலம் கட்டுவதென்றால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வாப்பாவின் பெயரில் பற்றுச்சீட்டு, அதில் வகை 'ஹத்யு' என்று பதிந்திருப்பது, உழ்ஹிய்யா அல்லது சதகா என்று இருந்தால் கடமை நீங்காது, அறுத்து முடிந்த அறிவித்தல் எப்படி வரும் என்பது. சந்தை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பிராணியின் வயதும் விலையைக் குறைக்கும் ஒரு வழி. ஷாபிஈயில் செம்மறி ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது முன்பல் விழுந்திருக்க வேண்டும். வெள்ளாடு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மற்ற மத்ஹபுகளில் வெள்ளாட்டுக்கு ஒரு வயது போதும். ஒற்றைக்கண், வெளிப்படையான நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய நான்கும் இருக்கக் கூடாது.

கூப்பனோடு வரும் இன்னொரு பதற்றம், 'ஆடு அறுத்த செய்தி வரவில்லை, தலை சிரைக்கலாமா' என்பது. ஷாபிஈயில் இஹ்ராமிலிருந்து விடுபடுவதற்கும் அறுப்புக்கும் சம்பந்தமில்லை. கல்லெறிதல், தலை சிரைத்தல், தவாப் ஆகிய மூன்றில் இரண்டு முடிந்தால் முதல் விடுபடல் வந்துவிடும். கல்லெறிந்து, அறுத்து, சிரைக்கும் ஒழுங்கு சுன்னத். 'செய்யுங்கள், குற்றமில்லை' என்று நபியவர்கள் அன்று முன்பின் செய்தவர்களுக்குச் சொன்ன பதில் நமக்குப் போதும். இமாம் அபூஹனீபாவிடம் தமத்துஃ செய்பவருக்கு இந்த ஒழுங்கு வாஜிப் (கடமை), மீறினால் இன்னொரு தம். கூப்பன் முறையில் நேரம் தெரியாத ஹனபிகளுக்குத்தான் இது பெரிய சிக்கல்.

தம் கையாலேயே அறுக்க வேண்டும் என்ற ஆசை வாப்பாவுக்கு இருந்தால், கூடாரப் பக்கம் களவாகக் கொண்டுவரும் ஆட்டில் அதைத் தீர்த்துக்கொள்ள விடாதீர்கள். அறுக்கும்போதும் அழகாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்பது முஸ்லிமில் ஷத்தாத் ரழி அறிவிக்கும் ஹதீஸ். நித்திரையில்லாத களைப்பில், மொட்டைக் கத்தியோடு, மற்ற ஆடுகள் பார்த்திருக்க அறுத்தால் அந்தக் கட்டளை மீறப்படுகிறது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதாக வெட்டுப்படாவிட்டால் ஷாபிஈயில் இறைச்சியே ஹலாலாகாது. நோய் அச்சமும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜீஸான் பகுதியில் பரவி மனிதர்களையும் கொன்ற ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் கால்நடைகளிலிருந்து வந்தது, இரத்தமும் சதையும் கையில் படுவதே அது தொற்றும் முக்கிய வழி.

இப்போது நான் முன்பு விட்டுவந்த வாசலுக்கு வருகிறேன். அந்தப் பணம் யாழ்ப்பாணத்து ஏழைக்கே போக வேண்டும் என்று வாப்பாவும் உண்மையாக விரும்பினால், ஹத்யுவைக் கடமையாக்காத ஹஜ்ஜை அவர் தெரிவு செய்யலாம். அதே வருடத்திலேயே உம்ராவையும் பின்னர் செய்வாரானால் இப்ராத்தான் மிகச் சிறந்த முறை என்பது ஷாபிஈ மத்ஹப். சிரமம் என்னவென்றால், மக்காவுக்கு இரண்டு வாரம் முன்பே போய்ச் சேரும் குழுவில் 10ஆம் நாள் வரை இஹ்ராமிலேயே இருக்க வேண்டும். வயதானவருக்கு அது இலேசல்ல. இரண்டாவது வழி பயண ஒழுங்கில் இருக்கிறது. முதலில் உம்ரா செய்து, பிறகு மதீனா போய், ஹஜ்ஜுக்குச் சற்று முன் துல்ஹுலைபா மீகாத்தில் (இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லை இடத்தில்) ஹஜ்ஜுக்கு மட்டும் இஹ்ராம் கட்டி மக்கா வந்தால், மீகாத்துக்குத் திரும்பியதால் ஷாபிஈயில் தமத்துஃவின் தம் விழுந்துவிடும். திரும்பும்போது மீண்டும் உம்ராவுக்கு இஹ்ராம் கட்டினால் தம் திரும்ப வந்துவிடும், அநேகர் தவறும் இடம் இதுதான். ஹனபியில் இந்தச் சலுகை இல்லை. இப்படி ஹத்யு கடமையாகாத நிலையில் அந்தக் காசு முழுக்க வாப்பாவின் காசு, பொம்மைவெளிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது வழி நோன்பு, அது இயலாதவருக்கு மட்டும். ஊரில் சொத்திருந்தாலும் மக்காவில் கையில் பணமில்லாதவரும், பிராணி நியாய விலைக்குக் கிடைக்காதவரும் ஷாபிஈயில் இயலாதவரே. கையில் காசை வைத்துக்கொண்டு, தர்மம் செய்வதற்காக நோன்புக்குப் போக முடியாது. மூன்று நோன்பையும் ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டியபின், அரபா நாளுக்கு முன் நோற்பது ஒழுங்கு. அதற்கு எல்லோரையும் போல 8ஆம் நாள் வரை காத்திராமல் 6ஆம் நாள் பஜ்ருக்கு முன்பே இஹ்ராம் கட்டி 6, 7, 8 என்று நோற்க வேண்டும். தவறினால் தஷ்ரீக் நாட்களில் (துல்ஹஜ் 11, 12, 13) நோற்கலாமா என்பதில் ஷாபிஈயின் புதிய கருத்து கூடாது என்கிறது. புகாரியில் ஆயிஷா, இப்னு உமர் ரழியல்லாஹு அன்ஹும் வழியாக அனுமதி வந்திருக்கிறது, இமாம் நவவியே ஆதாரத்தில் அதை அனுமதிக்கும் பழைய கருத்துத்தான் வலுவானது என்று எழுதியிருக்கிறார். மூன்றையும் ஊரில் நோற்பதாக வந்தால், அவற்றுக்கும் ஏழுக்கும் இடையில் நான்கு நாளும் பயண நாட்களும் இடைவெளி விட வேண்டும்.

பித்யாவில் தெரிவு இன்னும் விரிவானது. முடி வெட்டியது, நகம் களைந்தது, தைத்த உடை, வாசனை போன்றவற்றுக்கு ஆடு கட்டாயமில்லை. மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்குப் பாதிப்பாதி ஸாஉ உணவு, அல்லது ஆடு. ஒரு ஸாஉ என்பது நாம் பித்ராவுக்கு அளக்கும் அளவு, சுமார் 2.4 கிலோ அரிசி. ஆறு பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 7.2 கிலோ. உணவு ஹரமின் ஏழைகளுக்குப் போக வேண்டும், நோன்பை எங்கும் நோற்கலாம். குழுத் தலைவர்கள் எதற்கெடுத்தாலும் 'ஒரு தம் கொடுங்கள்' என்று சொல்லிவிடுவதால் இந்தத் தெரிவு மறைந்துபோகிறது. மீகாத்தில் இஹ்ராம் கட்டாமல் கடந்தது, மினாவில் தங்காதது போன்ற கடமை விடுபடல்களுக்கு ஆடுதான், இயலாவிட்டால் தமத்துஃ போலவே பத்து நோன்பு.

யாழ்ப்பாணத்தில் அறுக்க ஆசையென்றால் அதற்கென்றே உழ்ஹிய்யா இருக்கிறது. வாப்பா ஹஜ்ஜில் இருந்தாலும் அவர் சார்பில் சோனகதெருவிலோ நாவாந்துறையிலோ நீங்கள் அறுப்பித்து, பச்சை இறைச்சியாகவே ஏழைகளுக்குக் கொடுக்கலாம். அவர் போகுமுன் வாயால் வக்காலத்துக் கொடுத்துவிட வேண்டும். இலங்கைப் பெருநாள் மக்காவுக்கு ஒரு நாள் பிந்தினால், இங்கே 10, 11, 12ஆம் நாட்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே அது 11 முதல் 13 வரை, இரண்டு இடத்துக்கும் நேரம் பொருந்தும். மாட்டுப் பங்கென்றால் மிருக வைத்தியரின் சான்றும் கொண்டுவரும் அனுமதியும் கையில் இருக்கிறதா என்று பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள், வழியில் பொலிசார் மறித்தால் பெருநாள் நாட்கள் கடந்துவிடும்.

நான் எழுதியது பொதுவான சட்டம், வாப்பாவுக்கான பத்வா அல்ல. அவர் ஹஜ் மாதத்தில் உம்ரா செய்கிறாரா, மதீனா முன்னா பின்னா, எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறார் என்பதை அறிந்த ஆலிம்தான் அவருக்கு உரியதைச் சொல்ல முடியும். ஆகவே காசு கட்டுமுன் முகவரிடம் பயண அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். அதில் மக்கா, மதீனா திகதிகளையும் மதீனாவிலிருந்து திரும்பும்போது எந்த நிய்யத்தில் இஹ்ராம் கட்டுவார்கள் என்பதையும் குறிக்கச் சொல்லி, உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ ஜம்இய்யத்துல் உலமாவின் யாழ்ப்பாணக் கிளையிடமோ அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.